யார் மீதும் கோபமில்லாதவர்

பிப்ரவரி 3

மகளுக்கு,

நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்திருக்கிறேன். முதலில் நீ செய்த தவறு.

போன மாதம் எங்கள் பஸ் டெப்போவில் ஓட்டுநர்களுக்கு நீ மனநல வகுப்பு எடுத்தாய். அதில் என் விபத்தைக் கதையாகச் சொன்னாய். என்னைக் கேட்கவில்லை. பெயரைச் சொல்லவில்லை என்பாய். "எங்க பெரியப்பா ஒருத்தர், இதே டெப்போவுல வண்டி ஓட்டினவர்" என்றால் அங்கே யாருக்குத் தெரியாது? அதுகூடப் போகட்டும். கதையை நீ முடித்த விதம்தான் குற்றம். "இன்னிக்கு அவருக்கு யார் மேலயும் கோபம் இல்ல. எல்லாத்தையும் ஏத்துக்கிட்டு நிம்மதியா இருக்காரு."

யாரைக் கேட்டுச் சொன்னாய்?

எனக்குக் கோபம் இருக்கிறது. ஆறு வருடமாக இருக்கிறது. காலையில் பல் துலக்கும்போது என்னோடு நின்று அதுவும் வாய் கொப்பளிக்கிறது. இரவெல்லாம் ஓட்டிவிட்டு வந்தவனைத் தூங்கவிடாமல் மறுபடி வண்டி எடுக்க வைத்தார்கள். அந்த வண்டி பாலத்துக்கு முன்னால் சுவரில் மோதி ஒரு பெண் செத்தாள். "ஓட்டுநரின் கவனக்குறைவு" என்று ஒரே வரியில் என்னை வேலையை விட்டு நீக்கினார்கள். அந்த வரியை அடிக்கச் சொல்லித்தான் தொழிலாளர் நீதிமன்றத்துக்கு நடக்கிறேன். வக்கீல் கிடையாது. நூலகத்தில் சட்டப் புத்தகம் படித்து, நானே எழுதி, நானே பேசுகிறேன்.

நேற்று டெப்போவின் பதில் மனு வந்தது. அதில் நான்காவது பத்தியில் நீ இருக்கிறாய். "மனுதாரர் தம் தவறை ஏற்றுக்கொண்டு, யார் மீதும் கோபமின்றி வாழ்வதாக, உளவியலாளரான அவருடைய தம்பி மகளே கூறியுள்ளார்." எதிர்த்தரப்பு வக்கீல் உனக்கு ஒரு மாலை வாங்கிப் போடலாம்.

போன் செய்யாதே. போனில் நீ "ம்ம், புரியுது பெரியப்பா" என்று சொல்லிச் சொல்லியே ஆளைக் கரைத்துவிடுவாய். எழுது.

நான் நலம். உன் அம்மாவின் கால்வலி குறைந்ததா?

பெரியப்பா

*

பிப்ரவரி 21

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

வணக்கம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? அம்மாவுக்குக் கால்வலி குறைந்து இப்போது மாடிப்படி ஏறுகிறார். அப்பாவும் நலம்.

உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். எழுதுவதும் கிழிப்பதுமாக நாள் ஓடிவிட்டது. உங்களைக் கேட்காமல் சொன்னது தவறு. மன்னியுங்கள்.

ஏன் சொன்னேன் என்பதை மட்டும் கேளுங்கள். நான் ஒரு வருடமாகப் பயின்றுவருவது ஏற்புச் சிகிச்சை. வேண்டாத எண்ணங்களையும் வலியையும் விரட்டிக்கொண்டே இருந்தால் வாழ்க்கை விரட்டுவதிலேயே தீர்ந்துவிடும். அவை பாட்டுக்கு இருக்கட்டும் என்று இடம் கொடுத்துவிட்டு, நமக்கு முக்கியமானதைச் செய்யப் போக வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. இதை விளக்க எங்கள் பாடத்தில் ஒரு பஸ் வரும். நாம்தான் ஓட்டுநர். பயம், வெட்கம், பழைய நினைவு எல்லாம் பயணிகள். பின்னால் இருந்து கத்துவார்கள், மிரட்டுவார்கள். அவர்களை இறக்கிவிடுவதற்காக வண்டியை நிறுத்திச் சண்டை போட்டால் வண்டி நின்றதுதான் மிச்சம். கத்தட்டும் என்று விட்டுவிட்டு, போக வேண்டிய இடத்துக்கு ஓட்ட வேண்டும்.

ஓட்டுநர்களுக்கே இதைச் சொல்லப் போகிறோம் என்றதும் உங்கள் நினைவு வந்தது. தெரிந்த மனிதரின் கதை என்றால் மனதில் நிற்கும் என்று தோன்றியது. உங்கள் வலியை மதித்துத்தான் சொன்னேன், பெரியப்பா.

இன்னொன்றும் சொல்கிறேன், திட்டாதீர்கள். இந்தக் கோபம் உங்களை என்ன செய்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? அதோடு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்து பாருங்களேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்

*

மார்ச் 1

மகளுக்கு,

நலம். உன் அம்மா மாடிப்படி ஏறுவது நல்ல செய்தி.

கோபத்தோடு சும்மா உட்கார்ந்து பார்க்கச் சொன்னாய். உட்கார்ந்தேன். கையிலிருந்த டீ ஆறிப்போகும்வரை உட்கார்ந்தேன். கோபம் இரண்டு பங்காகிவிட்டது. உன் குருவிடம் சொல்.

உன் வகுப்பில் நடந்ததை என்னோடு வேலை பார்த்த கண்டக்டர் ஒரு வரி விடாமல் சொன்னார். பின்வரிசையில் ஒருவன், "பயணியை இறக்கவும் கூடாது, பேசவும் கூடாது. அப்புறம் கண்டக்டர் எதுக்கு மேடம், காத்து வாங்கவா?" என்றானாம். எல்லோரும் சிரித்தார்களாம். நீயும் சிரித்தாயாம். அது இருக்கட்டும். அடுத்து ஒருவர் எழுந்து, "மேடம், என் வண்டியில யாரும் கத்தல. எனக்குத் தூக்கம்தான் வருது. ரெண்டு ஷிப்ட் சேத்துப் போடுறாங்க. அதுக்கு ஏதாவது இருக்கா?" என்று கேட்டாராம். நீ, "தூக்கம் வருதுங்கிற அந்த உணர்வை முதல்ல கவனிங்க" என்றாயாம். மேனேஜர் கைதட்டினாராம்.

தூக்கம் உணர்வு இல்லை, மகளே. தூக்கம் தூக்கம்தான். ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவன் அதைக் கவனித்துக்கொண்டிருக்க முடியாது. கவனிக்கிற ஆளைத்தான் அது முதலில் கொண்டுபோகும்.

உன் பாடத்தில் பயணி என்றால் எண்ணம். என் பஸ்ஸில் பயணி என்றால் ஆள். கதவுக்குப் பின்னால் முதல் இருக்கையில் உட்கார்ந்த பெண் அந்த வழிக்குப் புதுசு. "அண்ணே, பாலம் வந்தா சொல்லுங்க" என்றாள். "சொல்றேம்மா" என்றேன். பாலம் வருவதற்கு முன்னால் சுவர் வந்துவிட்டது. இதை நான் நீதிமன்றத்தில்கூடச் சொன்னதில்லை. உனக்குச் சொல்கிறேன். வேண்டுமானால் இதையும் கொண்டுபோய் அடுத்த வகுப்பில் வை.

"அப்பாவும் நலம்" என்று எழுதியிருக்கிறாய். நான் கேட்கவில்லை.

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. எனக்குக் கோபம் இல்லை என்று உனக்கு யார் சொன்னது? நீயாகக் கட்டியதா? வேறு ஆள் கொடுத்ததா?

பெரியப்பா

*

மார்ச் 28

பெரியப்பாவுக்கு,

வணக்கம். நலமா? இங்கே அம்மா நலம்.

பாலத்தைப் பற்றி நீங்கள் எழுதியதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

என் வேலையை மேற்பார்வையிடும் மூத்த மருத்துவர் ஒருவர் இருக்கிறார். மாதத்துக்கு இருமுறை அவரிடம் போய், நான் பேசியது, தவறியது எல்லாவற்றையும் ஒப்புவிக்க வேண்டும். மருந்துக் கடை மாடியில் சின்ன அறை, இரண்டு நாற்காலி. உங்கள் கடிதங்களைப் பற்றிச் சொன்னேன். அந்தம்மா ஒரு அட்டையை என் கையில் கொடுத்து, "உன் பெரியப்பாவை நினைச்சா வர்றதை இதுல எழுது" என்றார். "நான் அவரை விற்றுவிட்டேன்" என்று எழுதினேன். "இப்ப அதை ரெண்டு கையாலயும் தள்ளு" என்று மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். தள்ளினேன். தோள் கடுத்தது. "இனி மடியில வை" என்றார். வைத்தேன். அதில் எழுதியிருந்தது மாறவில்லை. என் கை மட்டும் சும்மா ஆயிற்று. "கை சும்மா ஆச்சுல்ல, இனி அதால என்ன செய்யப் போற?" என்றார்.

பிறகு கேட்டார். "அவர் கதையை நீ எதுக்கு முடிச்சு வச்ச?"

"முடிக்கலன்னா, அப்புறம் என்ன ஆச்சுன்னு கேட்பாங்களே."

"கேட்டா, தெரியலன்னு சொல்லணும். நம்ம சிகிச்சை நல்லா வேலை செய்யுதுன்னு காட்ட உனக்கு ஒரு ஆள் தேவைப்பட்டுச்சு. பிடிச்சுப் போட்டுட்ட."

உங்களைவிட மோசமாகத் திட்டினார்.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: நானாகக் கட்டவில்லை. வீட்டில் அப்பா சொல்வதுதான். உங்கள் பேச்சு வரும்போதெல்லாம், "அண்ணன் அதையெல்லாம் என்னைக்கோ விட்டுட்டாரு. அவருக்கு யார் மேலயும் கோபம் இல்ல" என்பார். அதே டெப்போவில் வண்டிகளை நேரம் பார்த்து அனுப்புகிற டைம் கீப்பராக இருந்தவர். உங்களை எங்களைவிட அறிந்தவர் என்று நம்பினேன். விபத்தன்று மட்டும் அவர் லீவில் இருந்ததாகச் சொல்வார். இருந்திருந்தால் உங்களை வண்டி எடுக்க விட்டிருக்க மாட்டார் என்று அம்மா அடிக்கடி சொல்வதுண்டு.

உங்கள் மகள்

*

ஏப்ரல் 30

மகளுக்கு,

நலம். உன் அம்மா நலமா.

உன் கடிதத்துக்குப் பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் காரணம் உண்டு. அதை எழுதப் போவதில்லை.

லீவில் இருந்தானா. நல்லது. அப்படியானால், நான் இரவு டிரிப் முடித்து ஷெட்டில் வண்டியை நிறுத்தியதும், கதவைத் தட்டி, "அண்ணா, இன்னும் ஒரே ஒரு டிரிப்தான்" என்று சொன்னது யார் என்று உன் வீட்டில் கேள்.

பெரியப்பா

*

மே 14

அண்ணாவுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

இங்கே வெயில் அதிகம். அங்கேயும் அப்படித்தான் இருக்கும். மகள் ஏதோ கேட்டாள். பழைய விஷயம் எதற்கு என்று சொன்னேன். உங்கள் உடம்பு நலமா? சர்க்கரை எப்படி இருக்கிறது? மாத்திரையை விடாமல் சாப்பிடுங்கள். கண்ணில் புரை என்றார்களே, காட்டினீர்களா? வெயிலில் அதிகம் அலைய வேண்டாம். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். அண்ணியின் தையல் மெஷின் இன்னும் ஓடுகிறதா? பழசு என்றாலும் நல்ல மெஷின்.

வேறு விசேஷம் இல்லை. நலமா?

தம்பி

*

மே 22

மகளுக்கு,

நலம். இத்துடன் உன் அப்பனின் கடிதத்தைத் திருப்பி அனுப்புகிறேன். மேஜைமேல் அவன் பார்வையில் படும்படி வை.

ஆறு வருடத்தில் அவன் எழுதிய முதல் கடிதம். இரண்டு முறை நலமா என்று கேட்டிருக்கிறான். என் சர்க்கரையை விசாரிக்கிறான். எனக்குச் சர்க்கரை கிடையாது. அவனுக்குத்தான் சர்க்கரை. யார் உடம்பு யாருடையது என்பதே அவனுக்குக் குழம்பிப்போயிருக்கிறது. நீ மனதைப் படித்தவள். தினமும் உன் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிற மனிதனிடம் உனக்கு ஒன்றும் தெரியவில்லையா? டெப்போவுக்குப் போய் ஊரான் மனதைத் திறந்து பார்க்கத் தெரிகிறது.

நான் இதுவரை கொடுத்த மனு எல்லாவற்றிலும் "டெப்போ நிர்வாகம் என்னை அனுப்பியது" என்றுதான் எழுதியிருக்கிறேன். போன வாரம் நீதிமன்ற எழுத்தர் எனக்கு முன்னால் அதைப் புரட்டிவிட்டுச் சொன்னார்: "பெரியவரே, டெப்போ ஒரு கட்டடம். கட்டடம் வந்து வாயைத் திறந்து உங்களைப் போகச் சொல்லிச்சா? சொன்ன ஆள் யாரு? பேரு இல்லன்னா ஜூலையில தள்ளுபடிதான். இதோட முடிஞ்சிரும்."

பெயர் எனக்குத் தெரியும். எழுத முடியவில்லை. ஏன் என்று என்னைக் கேட்டு நீ கடிதம் எழுதக் கூடாது.

அவன் பதில் எழுதினால் நான் பிரிக்க மாட்டேன். உன் பதிலைப் பிரிப்பேன்.

பெரியப்பா

*

ஜூன் 25

பெரியப்பாவுக்கு,

நலமா? நான் நலம் என்று எழுதப் பிடிக்கவில்லை. கோபமாக இருக்கிறேன். அதை மடியில் வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

முதலில் டெப்போ. மறுபடியும் ஒரு வகுப்பு எடுக்கிறேன் என்று சொல்லிப் போனேன். உட்கார்ந்ததும், "போன தடவை பெரியப்பாவைப் பத்திச் சொன்னேன். அவருக்குக் கோபம் இல்லைன்னு சொன்னது பொய். அவரைக் கேட்காம சொன்னேன். தூக்கம் வருதுன்னு ஒருத்தர் சொன்னாரே, அவருக்கு வகுப்பு தேவையில்ல. படுக்க நேரம் தேவை" என்றேன். மேனேஜர் உள்ளே வந்து, "மேடம், உங்களுக்குக் கொடுத்த தலைப்பு மன அமைதி" என்றார். "சார், தூங்காதவங்களுக்கு அது எங்க இருந்து வரும்?" என்றேன். வகுப்பு அத்தோடு ரத்து. வெளியே வரும்போது தூக்கத்தைப் பற்றிக் கேட்ட அதே ஓட்டுநர் கேட்டைத் திறந்துவிட்டு, "இன்னிக்குத்தான் மேடம் பாடம் நடத்தினீங்க" என்றார்.

அடுத்து அப்பா.

சொந்தக் குடும்பத்துக்குச் சிகிச்சை செய்யக் கூடாது என்பது எங்கள் தொழிலின் விதி. நான் செய்யவில்லை. அவருடைய கடிதத்தை மேஜைமேல் வைத்தேன், நீங்கள் சொன்னபடி. இரண்டு வாரம் அதைச் சுற்றிச் சுற்றித் தட்டை வைத்துச் சாப்பிட்டார்.

இத்தனை நாள் நான் கவனிக்காத ஒன்றைச் சொல்கிறேன். அப்பா வாட்ச் கட்டுவதில்லை. ஆயுள் முழுவதும் நேரம் பார்த்தே சம்பாதித்தவர், ஓய்வு பெற்றதும் கழற்றிவிட்டார் என்று நாங்கள் வேடிக்கையாகப் பேசுவோம். வீட்டில் யாரைப் பார்த்தாலும் "மணி என்ன ஆச்சு?" என்பார். ஓய்வு பெற்றது மூன்று வருடம் முன்பு. வாட்ச் கழன்றது அதற்கும் முன்பு. அம்மாவிடம் கேட்டேன். விபத்து நடந்த வாரம் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்து, "மணி என்னம்மா?" என்றார். நான் சொல்லவில்லை. என் கையில் வாட்ச் இருந்தது. அவர் பார்த்தார். நானும் பார்த்தேன். பிறகு அவரே பேசினார்.

"மேனேஜர் சொன்னாரு. ஆள் வரல, வண்டி நிக்கக் கூடாதுன்னாரு. ஷெட்டுல நாலு பேர் இருந்தாங்க. நான் அண்ணன்கிட்டதான் போனேன். ஏன் தெரியுமா? மத்தவங்க முடியாதுன்னுடுவாங்க. நான் கேட்டா அண்ணன் மாட்டேன்னு சொல்ல மாட்டாரு. கண்ணெல்லாம் சிவந்திருந்துச்சு. முகத்தைக் கழுவிட்டு எடுங்கண்ணான்னேன். வாட்சைப் பாத்துட்டுத்தான் சொன்னேன். லேட்டாகுதுன்னு வேற சொன்னேன்."

"லீவுன்னு ஏன்பா சொன்னீங்க?"

"முதல்ல உங்கம்மாகிட்ட சொன்னேன். அப்புறம் மாத்த முடியல. அண்ணன் என் பேரை எழுதுவாரு எழுதுவாருன்னு ஒவ்வொரு வருஷமும் பாத்தேன். எழுதல. அதனால கோபம் இல்லைன்னு வச்சுக்கிட்டேன்."

அம்மா கேட்டுக்கொண்டு வாசற்படியில் நின்றிருந்தார். அன்றிலிருந்து அப்பாவிடம் பேசவில்லை.

எனக்கு அவர் மீது கோபம். மேனேஜர் மீது கோபம். என் மீது சொல்ல வேண்டியதில்லை. உங்கள் மீதும்தான் பெரியப்பா. ஆறு வருடம் பேசாமல் இருந்து யாரைக் காப்பாற்றினீர்கள்? அவர் நல்லபடியாகவா இருக்கிறார்? நீங்களா? ஒரு மனிதர் உண்மையைச் சொல்ல வேண்டிய இடத்தை நீங்கள் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டீர்கள். அதற்குப் பெயர் பாசம் என்றால் எனக்கு வேண்டாம்.

நீதிமன்றத்துக்கு வருகிறீர்களா என்று அப்பாவைக் கேட்டேன். நேற்று வெள்ளைச் சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்திருக்கிறார்.

உங்கள் மகள்

*

ஜூலை 2

மகளுக்கு,

நலம். உன் அம்மாவுக்கு ஆறுதல் சொல்ல எனக்குத் தெரியாது. நான் விசாரித்ததாகச் சொல்.

யாரைக் காப்பாற்றினேன் என்று கேட்டிருக்கிறாய். கேட்டது சரி.

பெரியப்பாவுக்குக் கோபம் ஆறிவிட்டது என்று உன் குருவிடம் போய் ஒப்புவிக்காதே. ஆறவில்லை. அந்தப் பெண்ணும் பாலம் எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். கேட்கட்டும். அவளை இறங்கச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அவளை வைத்துக்கொண்டே நீதிமன்றத்துக்குப் போகிறேன்.

விசாரணை இந்த மாதம் பதினெட்டாம் தேதி. செய்ய வேண்டியவற்றைக் கீழே எழுதுகிறேன். யாரும் தன் வேலையை இன்னொருவர் தலையில் கட்டக் கூடாது.

நீ: பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டும். டெப்போவில் இரண்டாம் முறை சொன்னதையே எழுது. பொய் என்ற சொல்லுக்குப் பதிலாக மென்மையான சொல் தேடாதே. இரண்டு வரி போதும்.

தூக்கம் வருகிறது என்ற ஓட்டுநர்: அவர் சாட்சி சொன்னால் வழக்குக்கு உதவும். அவருக்கு வேலை போகலாம் என்பதையும் சொல்லிவிட்டுக் கேள். அவர் மாட்டேன் என்றால் மாட்டேன்தான். அவருக்காக நீ சொல்லக் கூடாது.

மேனேஜர்: அழைப்பாணை போயிருக்கிறது. ஆள் வராத நாளில் வண்டி நிற்கக் கூடாது என்று சொன்னாரா இல்லையா, அதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும். மன அமைதியைப் பற்றிப் பேசினால் நான் குறுக்கிடுவேன்.

அந்தப் பெண்ணின் வீட்டார்: அவர்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை. வந்தால் முன்வரிசையில் இடம் விட வேண்டும். திட்டினால் கேட்டுக்கொள்ள வேண்டும், நானும்தான். யாரும் பக்கத்தில் போய் உட்கார்ந்து ஆறுதல் சொல்லக் கூடாது. முக்கியமாக நீ.

உன் அம்மா: வர வேண்டாம். அங்கே படிகள் அதிகம்.

நான்: மனுவில் "டெப்போ நிர்வாகம்" என்று இருக்கிற இடத்தில் இரண்டு பெயர்களை எழுத வேண்டும். மேனேஜர் பெயரை உன் கடிதம் வந்த அன்றைக்கே எழுதிவிட்டேன். மற்றதை இன்று காலை எழுதினேன். அதைத் திருத்தமாக எழுத மூன்று தாள் வீணாயிற்று.

என் தம்பி: பத்து மணிக்கு முன்னால் வாசலுக்கு வந்துவிட வேண்டும். நீ கையைப் பிடித்துக் கூட்டி வரக் கூடாது, அவனாக வர வேண்டும். லீவில் இருந்தேன் என்பதையும் அவனே தன் வாயால் திரும்பப் பெற வேண்டும். என் பக்கம் பார்க்க வேண்டாம். நீதிபதியைப் பார்த்துச் சொல்லட்டும். சர்க்கரைக்காரன், வெறும் வயிற்றோடு வரக் கூடாது. வாட்ச் எங்கே கிடக்கிறது என்று தேடி, சாவி கொடுத்து, கட்டிக்கொண்டு வர வேண்டும். அங்கே வந்து நின்று யாரிடமும் மணி கேட்கக் கூடாது.

பெரியப்பா